நாலு பேர், ஒரு ஸீட்

நாலு நண்பர்கள் சேர்ந்தால் டீ குடிப்பார்கள். கொஞ்சம் காசு சேர்ந்தால் கோவாவுக்குத் திட்டம் போட்டு, மகாபலிபுரம் வரை போய்த் திரும்புவார்கள். இன்னும் கொஞ்சம் காசு சேர்ந்தால்தான் ஆபத்து. ராத்திரி பதினோரு மணிக்கு, கடைசி டீக்கும் வீட்டிலிருந்து வரும் மூன்றாவது போனுக்கும் நடுவில் ஒருத்தன் ஆரம்பிப்பான்.

"மச்சி, ஒரு பழைய மாருதி 800 வாங்கி, நாமளே ரேஸ் காரா மாத்தினா என்னடா?"

அரை நிமிஷம் மௌனம். அப்புறம் நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். முடிந்தது கதை. அன்றைக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது.

இந்த மாதிரி கோஷ்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவராகவே கூட இருக்கலாம். எல்லாக் கோஷ்டியிலும் இந்த நாலு பேர் தவறாமல் உண்டு. முதலாமவன் பேங்க்கில் வேலை, கணக்கு எழுதுவான். இரண்டாமவன் கம்ப்யூட்டர் கம்பெனி. யூட்யூபில் நானூறு வீடியோ பார்த்தவன், இன்னும் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதவன். மூன்றாமவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். அதிகம் பேச மாட்டான், வேலை தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். நாலாமவனுக்கு இவை எதுவும் தெரியாது. ஆனால் அவன் மாமாவுக்குப் பாடியில் ஒரு காலி ஷெட் இருக்கிறது. ஆகவே அவன்தான் தலைவன்.

வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "ஓடற காரைக் காசு குடுத்து வாங்கி, பிரிச்சுப் போடப் போறியா?" என்பார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். சாம்பாரில் உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

அப்பாவுக்குச் சொல்ல ஒரு பதில் கைவசம் இருக்கிறது. இந்த வியாதிக்கு வயசு நூறு.

இங்கிலாந்தில் 1922-ல் ஆஸ்டின் செவன் என்று ஒரு குட்டிக் கார் வந்தது. 747 சி.சி. எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போய் வரச் செய்த சாதுவான வண்டி. அந்த ஊர்ப் பையன்கள் அதைச் சும்மா விடவில்லை. மேல்பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டிலும் சேற்றிலும் ஓட்டிப் பார்த்தார்கள். 1948-ல் காலின் சாப்மன் என்ற இளைஞர் ஒரு பழைய ஆஸ்டின் செவனை வைத்துத் தன் முதல் காரைச் செய்தார். செய்த இடம்: காதலி வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட். (காதலியின் அப்பா ஷெட்டைக் கொடுத்தார் என்பதைக் கவனிக்கவும். நம் ஊர் அப்பாவாக இருந்தால் ஷெட்டோடு சேர்த்துப் பூட்டியிருப்பார்.) அந்தக் கார்தான் லோட்டஸ் மார்க் 1. அந்தக் காதலிதான் பிறகு மனைவி. அந்தக் கம்பெனிதான் பிறகு ஃபார்முலா ஒன்னில் ஏழு முறை தயாரிப்பாளர் பட்டம் வாங்கியது. நியூஸிலாந்தில் இன்னொரு பையனும் ஆஸ்டின் செவனில்தான் ஓட்டிப் பழகினான். பெயர் புரூஸ் மெக்லாரன். இன்றைக்கு டி.வி.யில் நீங்கள் பார்க்கிற மெக்லாரன் அணி அவர் 1963-ல் ஆரம்பித்ததுதான்.

நம் ஊருக்கு வருவோம். நம்ம ஆஸ்டின் செவன் எது என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம், மாருதி 800. முதல் காரின் சாவி 1983 டிசம்பர் 14 அன்று கை மாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தினார்கள். 796 சி.சி., மூணு சிலிண்டர், ஏறத்தாழ 37 குதிரை சக்தி, 650 கிலோ. அந்தக் காலத்து ஆஸ்டினுக்கும் இதற்கும் எஞ்சின் அளவில் 49 சி.சி.தான் வித்தியாசம், அதாவது ஒரு மொபெட் எஞ்சின் அளவு.

அந்த 796 சி.சி. எஞ்சின் லேசுப்பட்டதில்லை. சென்னைக்காரர்களுக்கு சோழவரம் தெரியும். இரண்டாம் உலக யுத்தத்து விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் விட்டார்கள், 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் புண்ணியத்தில். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிஜமான பந்தயப் பாதையே வந்துவிட்டது. இந்த நேரத்தில் கோயம்புத்தூரில் கரிவரதன் என்கிற மனுஷர், மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை ஸீட் ரேஸ் காரில் வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு பந்தயத்தையே உண்டாக்கினார். லட்சக் கணக்கில் செலவழித்து வெளிநாட்டுக் கார் இறக்க முடியாத பையன்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டிய ஒரு கோயம்புத்தூர்ப் பையன், நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-லேயே ஒரு விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்.

ஆக, அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம். நரேன் ஆகப்போகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம், நம்ப மாட்டார்.

* * *

சரி, கார் ஷெட்டுக்கு வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

"ஸைலன்ஸரை அறுத்துடலாம்" என்பான் யூட்யூப்.

கூடாது. முதல் வேலை படிப்பது. கார் பந்தயங்களுக்கு இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு விதிகள் வைத்திருக்கிறது. எந்தப் பிரிவில் ஓட்டப் போகிறோம், அதில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, என்னென்ன பாதுகாப்புச் சாமான் கட்டாயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓட்டுகிறவனுக்குத் தனியாகப் போட்டி லைசென்ஸ் வேண்டும். பந்தயத்துக்கு முன்னால் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்க ஆள் வருவார்கள். காரைக் கட்டி முடித்துவிட்டு விதிப் புத்தகத்தைத் தேடுவது, தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்க்கிற மாதிரி.

இரண்டாவது வேலைதான் சந்தோஷமான வேலை. கழற்றுவது. பின் ஸீட், பக்கத்து ஸீட், கார்ப்பெட், அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் தார் ஷீட், கூரைத் துணி, ஏ.ஸி., ஸ்டீரியோ, பிள்ளையார் பொம்மை (பிள்ளையாரை வைத்துக்கொள்ளலாம், எடை கம்மி), எல்லாம் போகும். ஏன் போக வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 650 கிலோ காரில் 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் 720. அதை இழுப்பது 37 குதிரை. 60 கிலோவைக் கழற்றிவிட்டால், எஞ்சினில் கிட்டத்தட்ட மூன்றரைக் குதிரை கூட்டியதற்குச் சமம். பைசா செலவில்லை. கூடுதலாக, எடை குறைந்தால் வேகம் எடுப்பது மட்டுமில்லை, நிற்பதும் திரும்புவதும் சுலபம். எஞ்சினுக்குச் செலவழித்த குதிரைக்கு அந்த நல்ல குணம் கிடையாது.

ஓட்டுகிறவனின் தொப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அதைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம், ராத்திரிப் பரோட்டாவை விட்டால் போதும். எந்தக் கோஷ்டியும் இந்த யோசனையை ஏற்றதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, எஞ்சின். இங்கேதான் சண்டை வரும். "டர்போ போடலாம்டா" என்பான் ஒருத்தன். "ஹெட்டை இழைச்சு கம்ப்ரஷன் ஏத்தலாம்" என்பான் இன்னொருத்தன். பேங்க் நண்பன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். கொஞ்சம் அனுபவப்பட்ட எந்த மெக்கானிக்கிடம் போய்க் கேட்டாலும், டீ டம்ளரைக் கீழே வைக்காமலே ஒரு பதில் சொல்வார்:

"தம்பி, ஓட வைக்கிறது பெரிய விஷயமில்ல. மொதல்ல நிக்க வைங்க."

அவர் ஸ்கூல் ஃபைனல் தாண்டாதவராக இருக்கலாம். சொன்னது சுத்தமான பௌதிகம். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியிலிருக்கும் இயக்க ஆற்றல் நாலு மடங்கு. 60 கிலோமீட்டரில் வரும் காரை நிறுத்துவதைவிட 120-ல் வருவதை நிறுத்த நாலு பங்கு வேலை. அத்தனையும் பிரேக்கில் சூடாக மாற வேண்டும். ரோட்டில் எப்போதாவது ஒரு தடவை பலமாக மிதிக்கிறோம், நடுவில் ஆறிவிடுகிறது. பந்தயத்தில் வளைவுக்கு வளைவு மிதி. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், அதில் 12 வளைவுகள். ஆற நேரம் ஏது?

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் இங்கே முக்கியம். டாட் 3 என்கிற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும் என்பது தர நிர்ணயம். டாட் 4 என்றால் 230. ஆனால் இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மழைக்காலத்து அப்பளம் மாதிரி. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 140, 155 என்று இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக் குமிழி. குமிழி என்பது பஞ்சு. மிதித்தால் கால் தரை வரை போகும், கார் நிற்காது. மூணு வருஷமாக மாற்றாத பிரேக் ஆயிலோடு டர்போ போடுகிறவனை வீரன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் டயர். மாருதி 800-ன் டயரில் 145 என்று போட்டிருக்கும். 145 மில்லிமீட்டர் அகலம். அது தரையைத் தொடும் இடம் உங்கள் உள்ளங்கை அளவு. நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது எல்லாமே அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான். எனவே காசு செலவழிக்க வேண்டிய வரிசை: பிரேக், டயர், ஷாக் அப்ஸார்பர். எஞ்சின் கடைசி. மூன்றாமவன், லேத் நண்பன், இதை முதல் நாளே சொல்லியிருப்பான். அவன் பேசாதவன் என்பதால் யார் காதிலும் விழுந்திருக்காது.

* * *

கழற்றியதெல்லாம் போக, திரும்ப ஏற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. உருக்குக் கூடு. ரோல் கேஜ் என்பார்கள். கார் உருண்டால் கூரை நசுங்காமல் காக்கும் கம்பிக் கூண்டு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதியில், ஓட்டுகிறவனுக்குப் பின்னால் வரும் முக்கிய வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம் உள்ள, இணைப்பில்லாத உருக்குக் குழாய் என்று அளவு கொடுத்திருக்கிறார்கள். மீட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். மொத்தக் கூண்டும் முப்பது, முப்பத்தைந்து கிலோ ஆகிவிடும்.

"கஷ்டப்பட்டு 60 கிலோ எறக்கினோம். அதுல பாதி திரும்ப ஏறுதே மச்சி" என்று யூட்யூப் அழுவான். அவனே ஒரு யோசனையும் சொல்வான்: "தண்ணிக் குழாய் பைப்புல பண்ணிடலாம். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உருளும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எடையைக் குறைப்பதில் காலின் சாப்மனை மிஞ்சிய ஆள் கிடையாது. காதலி வீட்டு ஷெட்டில் ஆரம்பித்தவரின் கார்கள், இறகு மாதிரி. ஜெயித்தன. அந்தக் கார்களில் ஆட்களும் செத்தார்கள். 1970 செப்டம்பர் 5, இத்தாலியில் மோன்ஸா. லோட்டஸ் ஓட்டிய யோகன் ரிண்ட் பந்தயத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் பிரேக் போடுகிற இடத்தில் கட்டுப்பாடு இழந்து தடுப்பில் மோதினார். தொடைகளுக்கு நடுவே வரும் பெல்ட் பட்டைகளைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. அவசரத்தில் இறங்க இடைஞ்சல் என்று நினைத்தார். மோதியதும் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் சறுக்கியது. கழுத்தில் காயம். பிழைக்கவில்லை. அந்த வருஷ உலகப் பட்டத்தை அவருக்குத்தான் கொடுத்தார்கள். வாங்க அவர் இல்லை.

எதைக் கழற்றலாம் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அது எங்கே என்று ரிண்டுக்கே தெரியவில்லை. பாடி ஷெட்டில் நமக்கு எங்கே தெரியப்போகிறது? அதனால்தான் விதிப் புத்தகம். அதன் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தர் செத்திருக்கிறார்.

இன்னொன்று சொல்கிறேன். இது நம்ம ஊர்க் கார் மாதிரியே ஒரு கதை. ரெனோ 5 என்று பிரான்ஸில் ஒரு சின்னக் கார். காய்கறி வாங்கப் போகிற ஹாட்ச்பேக். அதையும் ரேஸ் காராக மாற்றினார்கள். 1981-ல் அமெரிக்காவில் அப்படியொரு ரெனோ 5-ஐப் பரீட்சை பார்த்தபோது பாட்ரிக் ஜாக்மார் என்ற பந்தய வீரர் மோதி இறந்துபோனார். உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டோடு தலை முன்னால் பாய, மண்டையோட்டின் அடியில் முறிவு.

அவருடைய நண்பர் ஜிம் டௌனிங் என்ற இன்னொரு பந்தய வீரர். மனசு கேட்கவில்லை. தன் மச்சானிடம் போய்ச் சொன்னார். மச்சான் ராபர்ட் ஹப்பர்ட், மிஷிகன் பல்கலைக்கழகம் ஒன்றில் உடல் இயக்கவியல் பேராசிரியர். இருவரும் சேர்ந்து தோளில் உட்காரும் ஒரு காலரைச் செய்தார்கள். ஹெல்மெட்டை அதோடு பட்டையால் கட்டிவிட்டால், மோதும்போது தலை தனியாகப் பறக்காது. ஹான்ஸ் என்று பெயர். கனமாக இருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று பல வருஷம் ஓட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். 2001-ல் டேட்டோனாவில் டேல் எர்ன்ஹார்ட் என்ற சூப்பர் ஸ்டார் கடைசிச் சுற்றில் இறந்த பிறகுதான் அமெரிக்காவின் நாஸ்கார் அதே வருஷம் தலைக்கட்டைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் 2003-ல். இன்றைக்கு எத்தனையோ கழுத்துகள் முழுசாக இருக்கின்றன என்றால் அதற்குக் காரணம், ஒருத்தன் தன் நண்பன் செத்ததைச் சும்மா விடாததும், ஒரு நல்ல மச்சானும்.

நம்மவர்கள் வாய்க்கு வாய் சொல்கிற அதே மச்சான்.

* * *

கார் ரெடி. பெயின்ட் அடித்தாகிவிட்டது. நம்பர் ஒட்டியாகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி. இந்த நேரத்தில்தான் நாலாமவன், தலைவன், அந்த வார்த்தையைச் சொல்வான்:

"ஈ.ஸி.ஆர்.ல ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாமா?"

கூடாது ஸார். இந்த ஒரு இடத்தில் எனக்கு நகைச்சுவை வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். கம்பெனி பதிவு செய்த அமைப்பிலிருந்து காரை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில் என்று வைத்தார்கள். பொது ரோட்டில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவு: முதல் தடவை மூன்று மாசம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் தடவை ஒரு வருஷம், 10,000. உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பந்தயத்துக்கும் வேகப் பரீட்சைக்கும் ஓட்டினால் செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

சட்டத்தை விடுங்கள். பந்தயப் பாதையில் எதிரே வண்டி வராது. வளைவுக்கு வெளியே ஓடி நிற்க இடம் இருக்கும். கொடி காட்ட ஆள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாம் தயாராக நிற்கும். ஈ.ஸி.ஆரில் என்ன நிற்கும்? ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மொபெட்டில் வீட்டுக்குப் போகிறவர் நிற்பார். சாலையைக் கடக்க, மீன் கூடையோடு ஓர் அம்மா நிற்பார். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 27 மீட்டருக்கு மேல் போகிறோம். அந்த அம்மா கூடையைத் தலையில் சரிபண்ண ஒரு விநாடி ஆகும். அவர் எந்த ரேஸுக்கும் பெயர் கொடுக்கவில்லை. அவருக்கு ஹெல்மெட் இல்லை, கூண்டு இல்லை.

கூண்டு பற்றி இன்னொரு விஷயம். ஹெல்மெட் போடாமல் ரோல் கேஜ் உள்ள காரில் உட்கார்ந்தால், சின்ன மோதலில்கூடத் தலை போய் இடிப்பது உருக்கில். பந்தயத்தில் உயிர் காக்கிற கம்பி, ரோட்டில் மண்டையை உடைக்கும். ரேஸ் கார் ரோட்டுக்கு லாயக்கில்லை என்பதற்கு அந்தக் காரே சாட்சி சொல்கிறது.

அப்படியானால் இருங்காட்டுக்கோட்டைக்கு எப்படிக் கொண்டுபோவது? லாரியில் ஏற்றித்தான். ஆம், உங்கள் சீறும் சிறுத்தை மணிக்கு முப்பது கிலோமீட்டரில், கயிறு கட்டி, பூந்தமல்லி டிராஃபிக்கில் மெதுவாக ஊர்வலம் போகும். ஷேர் ஆட்டோக்கள் முந்தும். பின்னால் வரும் ஸ்கூட்டர் பெரியவர், "ஆக்ஸிடென்ட் வண்டியா தம்பி?" என்று அனுதாபமாக விசாரிப்பார். பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லா ரேஸ் காரும் இப்படித்தான் வேலைக்குப் போகிறது.

* * *

கடைசியாக, யாரும் முதல் நாள் டீக்கடையில் கேட்காத கேள்வி.

நாலு பேர் காசு போட்டார்கள். நாலு பேர் ராத்திரி ராத்திரி கண் முழித்தார்கள். எல்லா ஸீட்டையும் கழற்றிய பிறகு காரில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஸீட். அதில் யார் உட்காருவது?

எஞ்சின் வெடித்துக் கோஷ்டி பிரிவதைவிட, இந்தக் கேள்வியில் பிரிவது சுலபம். "ஷெட் என்னுது." "காசு நான்தான் ஜாஸ்தி போட்டேன்." "வேலை செஞ்சது யாரு?" பத்து வருஷ சிநேகிதம் பத்து நிமிஷத்தில் காலி. அதனால் காரை வாங்கும் முன்பே ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். யார் எவ்வளவு, யார் ஓட்டுவது, இடித்தால் செலவு யாருடையது, ஒருத்தன் விலகினால் கணக்கு எப்படி. பேங்க் நண்பன் எதற்கு இருக்கிறான்?

வெளியூர்க்காரர்கள் இதற்கு அழகான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2006-ல் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்று ஒரு கேலிப் பந்தயம் ஆரம்பித்தார்கள். பிரான்ஸின் புகழ்பெற்ற லெ மான் பந்தயத்துக்கு நக்கல். லெமன் என்றால் அவர்கள் பாஷையில் ஓட்டை வண்டி. காரின் விலை 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று விதி. ஒரே காரை நண்பர்கள் முறை வைத்து ஓட்டுவார்கள். இங்கிலாந்தில் சிட்ரன் சி1 என்ற மூணு சிலிண்டர், 998 சி.சி. குட்டிக் காரில் 24 மணி நேரப் பந்தயமே நடக்கிறது. அதிலும் முறை வைத்துத்தான். இந்த 500 டாலர் விதியில் எனக்குப் பிடித்தது ஒன்று. கூண்டு, ஸீட், பெல்ட், பிரேக் இதெல்லாம் அந்த 500-ல் சேராது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள். கேலிக்கு ஆரம்பித்தவர்கள்கூட உயிரில் கேலி பண்ணவில்லை.

முறை வைத்தாலும் ஒரு நேரத்தில் உள்ளே ஒருத்தன்தான். வெளியே மூணு பேர். அந்த மூணு பேருக்கு என்ன வேலை? ஒருத்தன் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். ஒருத்தன் டயர் காற்று பார்க்க வேண்டும். நாலு சுற்று ஓடினால் சூட்டில் ஏறியிருக்கும். ஒருத்தன் பிரேக்கையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். பார்த்தபின் ஒரு நோட்டில் எழுதி இனிஷியல் போட வேண்டும், ஆபீஸ் ஃபைலில் போடுகிற மாதிரி. ஒரு வித்தியாசம்: ஆபீஸில் பார்க்காமலே போடலாம். இங்கே அந்த இனிஷியலை நம்பித்தான் உங்கள் நண்பன் 120-ல் வளைவுக்குள் போகிறான்.

இன்னொரு அதிகாரமும் அந்த மூணு பேருக்கு வேண்டும். மூணில் எவனாவது ஒருத்தன் "இன்னிக்கு வேணாம்டா" என்றால், அன்றைக்குக் கார் லாரியை விட்டு இறங்கக்கூடாது. காரணம் கேட்கக்கூடாது, கிண்டல் பண்ணக்கூடாது. பெரும்பாலும் அதைச் சொல்கிறவன் அந்தப் பேசாத மூன்றாமவனாகத்தான் இருப்பான்.

அப்புறம், கழற்றிய பின் ஸீட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முன்னூறு ரூபாய்கூடத் தேறாது. ரேஸுக்குப் போகும்போது அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். பிட்டில் சுவரோரமாகப் போட்டால் மூணு பேர் தாராளமாக உட்காரலாம்.